கலிங்கு இல்லாத ஏரிகள்

கோப்புப் பரிமாற்ற சர்வர்களில் உள்ள நினைவக ஓட்டை கால் நூற்றாண்டாகத் தெரிந்த வியாதி. மருந்தும் இலவசம். மருந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. சால்ட் லேக்கின் ஒரு சிறு அலுவலகத்தில் தொடங்கும் கதை.

கொல்கத்தாவின் சால்ட் லேக், ஐந்தாவது செக்டர். காலேஜ் மோட் பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. பதினாறு பேர் வேலை பார்க்கும் அலுவலகம். பெயர் வேண்டாம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாள், இன்சூரன்ஸ் விண்ணப்பம், பம்புசெட் கையேடு ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து ஒன்பது இந்திய மொழிகளுக்கு மாற்றி, பக்கம் அமைத்துத் தருவது இவர்களுடைய தொழில். மொழிபெயர்ப்பாளர்கள் யாரும் அங்கே உட்கார்ந்து வேலை செய்வதில்லை. மதுரையிலும் கொச்சியிலும் குவாஹாட்டியிலும் இருக்கிறார்கள். முடித்த வேலையை அலுவலகத்தின் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சேர்க்கும் வழி, எஃப்.டி.பி. என்கிற பழைய கோப்புப் பரிமாற்ற முறை.

அந்த சர்வர் ஒரு சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர். பிரிண்டருக்குப் பின்னால், சுவரை ஒட்டி, தூசு படிந்து கிடந்தது. "அணைக்காதே" என்று வங்காளியில் எழுதிய ஒரு தாள் அதன் மேல் ஒட்டியிருந்தது. 2009ல் அதை அமைத்துக் கொடுத்த இன்ஜினீயர் 2011ல் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைத் தொட்டவர் இல்லை. பாஸ்வேர்டும் யாருக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

2016 ஆகஸ்டில் இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மின்னஞ்சல் போகிறது, நிறுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்றது கடிதம். வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே முன்பின் தெரியாத ஒருவர் பல மாதங்களாகக் குடியிருந்தது தெரிந்தது. அவருக்கென்று நிர்வாகி அந்தஸ்தில் ஒரு தனிக் கணக்கு. திருட்டு சினிமாப் படங்கள் வைக்க ஒரு கிடங்கு. அஞ்சல் அனுப்ப ஒரு புரோகிராம். அவர் நுழைந்த வழி, எஃப்.டி.பி. புரோகிராமில் இருந்த நினைவக ஓட்டை. அதை அடைக்கும் திருத்தம் ஆறு வருடங்களுக்கு முன்பே இலவசமாக வெளிவந்திருந்தது.

அதே பெட்டியில், மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்குப் பக்கத்து டைரக்டரியில், சுமார் நாற்பது மொழிபெயர்ப்பாளர்களின் பான் கார்டு நகல்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் இருந்தன. இதை எழுதுபவரின் பான் கார்டும் அவற்றில் ஒன்று. இந்தச் சங்கதி தெரிய வந்தது எட்டு மாதம் கழித்து, வர வேண்டிய பாக்கிப் பணத்தைக் கேட்க நேரில் போனபோதுதான்.

வண்டலில் எழுந்த நகரம்

ஓட்டை எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள சால்ட் லேக்கின் பூர்வ கதை உதவும். அறுபது வருடங்களுக்கு முன் இங்கே ஊர் கிடையாது. கொல்கத்தாவின் கிழக்கே பரந்து கிடந்த உவர்நீர்ச் சதுப்பு இது. அன்றைய மேற்கு வங்க முதல்வர் பிதான் சந்திர ராய் இதை நகரமாக்கத் திட்டமிட்டார். 1962ல் வேலை தொடங்கியது. யுகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளி நதியின் படுகையிலிருந்து வண்டலை வாரி, தண்ணீரோடு கரைத்து, குழாய் வழியே கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக்கொண்டு வந்தது. கரை கட்டிய பாத்திகளில் அந்தக் குழம்பை நிரப்பினார்கள். தண்ணீர் வடிந்தது, மண் நின்றது. அந்த மண்ணின் மேல் யுகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச் வரைந்து கொடுத்த நகரம்தான் இன்றைய பிதான்நகர். மக்களுக்கு இன்னும் சால்ட் லேக்.

பாத்தியின் கரை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குத்தான் குழம்பை விட வேண்டும். அளவு பார்க்காமல் விட்டால் அது அடுத்த பாத்தியில் போய் விழும். இந்த ஊர் எழுந்ததே அந்தக் கணக்கைத் தப்பாமல் பார்த்துக்கொண்டதால்தான்.

ஐந்தாவது செக்டரை எலெக்ட்ரானிக்ஸ் தொழிலுக்கென்று வளர்த்தது மாநில அரசின் வெபெல் நிறுவனம். பிறகு சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்தன. 2006ல் இந்தப் பகுதிக்கென்று நவதிகந்த தொழில் நகரிய ஆணையம் ஏற்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் கொல்கத்தா மையமும் இங்கேதான் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் கண்ணில் படுகின்றன. கண்ணில் படாதவை அவற்றுக்கு நடுவே இருக்கும் சின்ன அலுவலகங்கள். அந்த மாளிகைகளில் பாதுகாப்புக்கென்றே தனி இலாகா உண்டு. சின்ன அலுவலகத்தில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சர்வர் படுத்தாலும் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான்.

ஏரி உடைவது எப்படி?

தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவருக்கு இந்த ஓட்டையை விளக்குவது சுலபம். ஏரி என்றால் அதற்குக் கலிங்கு உண்டு. கொள்ளளவுக்கு மேல் வரும் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போக அமைத்த இடம் அது. கலிங்கு இல்லாத ஏரி பார்ப்பதற்கு மற்ற ஏரிகளைப் போலத்தான் இருக்கும். பெருமழை வரும் வரை வித்தியாசம் தெரியாது. உடைந்தால், அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் ஏரியையும் சேர்த்து உடைக்கும்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தில் புரோகிராம்கள் தற்காலிகமாக வெட்டிக்கொள்ளும் குட்டைக்கு பஃபர் என்று பெயர். எஃப்.டி.பி. சர்வருக்கு வெளியிலிருந்து ஒருவர் "இன்ன டைரக்டரிக்குப் போ" என்று கட்டளை அனுப்புகிறார். அந்த டைரக்டரியின் முழுப் பெயரை வைத்துக்கொள்ள சர்வர் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. அந்த இடத்தில் 1,024 எழுத்துகள் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். பெயர் இதைவிட நீளமாக வந்தால்?

இங்கேதான் சி மொழி வருகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய இந்த மொழியில்தான் பெரும்பாலான சர்வர் புரோகிராம்கள் எழுதப்பட்டன. வேகமான மொழி, புரோகிராம் எழுதுபவரை நம்பும் மொழி. ஓரிடத்திலிருந்து எழுத்துகளை இன்னோரிடத்துக்கு ஊற்று என்றால் ஊற்றும். கொள்ளுமா என்று அதுவாகக் கேட்காது. கேட்க வேண்டியது எழுதுபவரின் பொறுப்பு. அவர் ஓரிடத்தில் மறந்தால் அந்தக் குட்டைக்குக் கலிங்கு இல்லை.

வழிந்த எழுத்துகள் எங்கே போகும்? பக்கத்தில் இருப்பதன் மேல் விழும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் விபரீதம். ஒரு புரோகிராம் தன் வேலைக்கு நடுவே ஒரு துணை வேலைக்குப் போகும்போது, முடித்த பிறகு எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரியைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு பல சமயம் பஃபருக்கு அருகிலேயே இருக்கும். தெரியாமல் நீளமான பெயர் கொடுத்தவருக்கு சர்வர் படுத்துவிடும், அதோடு சரி. தெரிந்து கொடுப்பவர் எழுத்துகளை எண்ணிக் கொடுப்பார். வழியும் பகுதி அந்தக் குறிப்பின் மேல் சரியாக விழுந்து, அதில் அவர் விரும்பிய முகவரியை எழுதிவிடும். அந்த முகவரியில் அவரே அனுப்பி வைத்த கட்டளைகள் காத்திருக்கும். துணை வேலை முடிந்து திரும்பும் புரோகிராம் தன் வீட்டுக்குப் போவதாக எண்ணி அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும். அங்கே என்ன சொல்கிறார்களோ அதைச் செய்யும்.

கோப்புப் பரிமாற்ற சர்வர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. அவை ஊர் பேர் தெரியாதவர்களோடு பேசுவதற்கென்றே வாசலில் உட்கார்ந்திருப்பவை. பலவற்றில் "அனானிமஸ்" என்று சொன்னாலே உள்ளே விடுவார்கள். இவற்றுக்கு விதித்த 21ஆம் எண் வாசலைத் திறக்க, யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் "ரூட்" என்கிற சர்வாதிகாரம் வேண்டும். எனவே புரோகிராமை ஏமாற்றியவருக்குப் பல சமயம் முழுக் கம்ப்யூட்டரும் கிடைத்துவிடும். இதற்கெல்லாம் மேல் இன்னொன்று. இவை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துபோகும் ஜாதி.

முறை இந்தியர் வகுத்தது

கோப்புகளைக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்பும் இந்த முறையை முதலில் எழுதியவர் ஓர் இந்தியர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்துத் தேறிய அபய் பூஷண். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் அவர் எழுதிய ஆவணம்தான் எஃப்.டி.பி.யின் தொடக்கம். இன்று நாம் அறியும் வடிவம் 1985ல் நிலைபெற்றது. பூஷண் வகுத்தது யார் எதைக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கை. அவர் எழுதிய நாளில் இணையத்தில் இருந்தவை சில ஆராய்ச்சிக் கூடங்கள்தான். திருட்டுக்குப் பயந்து யாரும் கதவைச் சாத்தவில்லை. நினைவக ஓட்டை அந்த ஒழுங்கில் இல்லை. பிறகு வந்தவர்கள் அதை சி மொழியில் புரோகிராமாக எழுதியபோது நுழைந்தது.

இந்த வகை ஓட்டையை உலகம் முதலில் பெரிய அளவில் உணர்ந்தது 1988 நவம்பர் 2 அன்று. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஏவிவிட்ட புழு சுமார் 6,000 கம்ப்யூட்டர்களை முடக்கியதாக அன்று மதிப்பிட்டார்கள். அது நுழைந்த வழிகளில் ஒன்று, "ஃபிங்கர்" என்ற சேவையில் 512 எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடம். அதற்கு மேல் வந்தால் என்ன செய்வது என்று அந்தப் புரோகிராம் யோசிக்கவில்லை. அதே மாதத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் பிறந்தது. 1996ல் ஹேக்கர்களின் மின்னிதழான ஃபிராக், இந்த ஓட்டையைப் பயன்படுத்துவது எப்படி என்று படிப்படியாக விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டது. ரகசிய வித்தை அன்றோடு பாடப் புத்தகம் ஆயிற்று.

ஒரே ஓர் எழுத்து

கோப்பு சர்வர்களின் முறை 1999ல் வந்தது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான டபிள்யூ.யூ-எஃப்.டி.பி.டி. என்ற இலவசப் புரோகிராம்தான் அன்று லினக்ஸ், யூனிக்ஸ் உலகில் பிரபலம். 1999 பிப்ரவரியில் செர்ட் எச்சரிக்கை விடுத்தது. இந்தப் புரோகிராமிலும் இதன் போட்டியாளரான புரோஎஃப்.டி.பி.டி.யிலும் ஓட்டை. டைரக்டரிக்குள் டைரக்டரியாக நீள நீளமான பெயர்களில் உருவாக்கிக்கொண்டே போனால், முழுப் பெயரைக் கணக்கிடும் இடத்தில் பஃபர் வழிந்துவிடும். வெளியார் கோப்பு வைக்க இடம் கொடுத்த சர்வர்களுக்கு இது நேரடி ஆபத்து.

அடைத்தார்கள். 2000ல் வேறொரு பிழை. இது வழிதல் அல்ல, வந்த எழுத்துகளை அச்சு வடிவக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் கோளாறு. ஆனால் முடிவு ஒன்றுதான்: நினைவகம் அடுத்தவர் கையில். 2001 ஜனவரியில் ராமன் என்ற புழு இந்த ஓட்டை வழியாகவும் வேறு சில வழிகளாகவும் ரெட் ஹேட் லினக்ஸ் சர்வர்களில் புகுந்து, அவற்றின் முகப்புப் பக்கத்தை மாற்றியது. பெயரைப் பார்த்து நம்மூர் ராமன் என்று எண்ண வேண்டாம். ஜப்பானிய நூடுல்ஸின் பெயர் அது. முகப்பில் போட்டதும் நூடுல்ஸ் படம்தான். இதில் ஒரு வேடிக்கை. உள்ளே புகுந்ததும், தான் வந்த வழியை அந்தப் புழுவே அடைத்துவிடும். வீட்டுக்காரர் போடாத தாழ்ப்பாளைத் திருடன் போட்டான்.

2001 நவம்பரில் அதே புரோகிராமில் இன்னொன்று. ஒரு டில்டே குறி, ஒரு நெளிவு அடைப்புக்குறி. இந்த இரண்டு எழுத்துகளைக் கட்டளையோடு கொடுத்தாலே நினைவகம் சிதறத் தொடங்கும். விற்பனையாளர்கள் எல்லாரும் சேர்ந்து டிசம்பர் 3ஆம் தேதி திருத்தத்தை வெளியிடுவதாக ஏற்பாடு. ரெட் ஹேட் நவம்பர் 27ஆம் தேதியே தவறுதலாக வெளியிட்டுவிட்டது. ஓட்டை ஊருக்குத் தெரிந்துவிட்டது, மற்றவர்கள் கையில் மருந்து தயாராகவில்லை. அவசர அவசரமாக ஓடினார்கள்.

2003 ஜூலையில் வந்ததுதான் பாடம் சொல்லும் பிழை. மறுபடி அதே முழுப் பெயர் கணக்கிடும் பகுதி. இம்முறை அளவு பார்க்க மறக்கவில்லை, பார்த்திருந்தார்கள். ஆனால் எண்ணிக்கையில் ஒன்று தவறியது. பெயரின் நீளம் வரம்பைவிடச் சரியாக ஓர் எழுத்து கூடினால் அது தப்பி உள்ளே போய்விடும். கலிங்கு இருந்தது, ஒரு செங்கல் உயரம் கூடிவிட்டது. அந்த ஒரு பைட் போதும் என்று போலந்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் நிரூபித்தார்கள்.

இதெல்லாம் பழைய புரோகிராமின் கதை என்று ஒதுக்க முடியாது. 2010ல் புரோஎஃப்.டி.பி.டி.யில் கண்ட வழிதலுக்கு லாகின் கூட வேண்டியதில்லை, வாசலில் நின்றபடியே தாக்கலாம். அக்டோபர் இறுதியில் திருத்தம் வந்தது. நவம்பர் 28 அன்று அந்தப் புரோகிராமை உலகத்துக்கு வழங்கும் தலைமை சர்வருக்குள்ளேயே யாரோ புகுந்தார்கள். வழங்கப்படும் மூலப் பிரதியில் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டுப் போனார்கள். டிசம்பர் தொடக்கத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த சர்வரில் ஓடிய எஃப்.டி.பி. புரோகிராமில் திருத்தாமல் விட்டிருந்த ஓட்டை வழியேதான் அநேகமாக நுழைந்திருப்பார்கள் என்று தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டார்கள். மருந்து கண்ட வைத்தியர் வீட்டிலேயே மருந்து கொடுபடவில்லை என்றால், பிரிண்டருக்குப் பின்னால் கிடந்த பெட்டியை என்ன சொல்ல?

2021 ஜூலையில் சோலார்விண்ட்ஸ் கம்பெனியின் செர்வ்-யூ என்ற கோப்புப் பரிமாற்ற சாஃப்ட்வேரிலும் நினைவகம் சம்பந்தமான ஓட்டையை மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்தது. அதற்குள் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. சீனாவிலிருந்து இயங்கும் குழு என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. கவனிக்க வேண்டியது, பிழை இருந்த இடம். பழைய எஃப்.டி.பி.யில் அல்ல, அதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படும் எஸ்.எஸ்.ஹெச். என்ற பத்திரமான வழியைக் கையாளும் பகுதியில். பூட்டு புதிது என்பதால் சுவர் உறுதியாகிவிடாது.

மருந்துகள் வராமல் இல்லை

கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 1998ல் ஸ்டாக்கார்டு என்ற உத்தி வந்தது. பஃபருக்கும் திரும்பும் முகவரிக்கும் நடுவே ஒரு ரகசிய எண்ணைக் காவல் வைப்பார்கள். வழிந்து வருவது முதலில் அதை அழிக்கும். அழிந்திருந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். சுரங்கத்தில் விஷவாயுவை அறியக் கூண்டில் வைக்கும் பறவையை நினைத்து இதற்கு "கேனரி" என்று பெயர் வைத்தார்கள். தகவல் வைக்கும் இடத்தில் கட்டளை ஓடக் கூடாது என்ற தடையை 2004ல் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டாவது திருத்தத் தொகுப்பு கொண்டுவந்தது. முகவரிகளை ஒவ்வொரு முறையும் கலைத்துப்போடும் வித்தையும் வந்தது. மாரிஸ் புழுவுக்கு வழிவிட்ட பழைய சி மொழிக் கட்டளை 2011ல் அந்த மொழியின் இலக்கணத்திலிருந்தே நீக்கப்பட்டது.

இருந்தும் நோய் தீரவில்லை. தன் சாஃப்ட்வேர்களில் ஒவ்வொரு வருடமும் அடைக்கும் ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகம் சம்பந்தமானவை என்று மைக்ரோசாஃப்ட் 2019ல் சொன்னது. குரோம் பிரவுசரின் கடுமையான ஓட்டைகளிலும் இதே விகிதம் என்று அடுத்த வருடம் கூகுள் பொறியாளர்கள் சொன்னார்கள். ரஸ்ட் போல, அளவைத் தானே பார்த்துக்கொள்ளும் மொழிகளுக்கு மாறுங்கள் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையே அறிக்கை வெளியிட்டது. எழுதப்பட்டுவிட்ட கோடிக்கணக்கான வரிகளை மாற்றுவது ஒரே நாளில் ஆகிற காரியமல்ல.

எஃப்.டி.பி.யைக் கைவிடுவோரும் கூடிவருகிறார்கள். லினக்ஸின் மையக் கிடங்கும் டெபியனும் 2017ல் பொது எஃப்.டி.பி. வாசல்களை மூடின. ஃபயர்பாக்ஸும் குரோமும் 2021ல் அந்த முறைக்கு விடை கொடுத்தன. ஆனால் அலுவலகத்துக்குள் அது இன்னும் வாழ்கிறது. ஸ்கேன் எடுத்த தாளை அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரம், கண்காணிப்புக் கேமரா, பக்கங்களைப் பெறும் அச்சகம் என்று அதற்கு வீடுகள் ஏராளம்.

யார் பொறுப்பு?

1998 ஜூன் மாதத்தை நினைவிருக்கலாம். பொக்ரான் அணுச் சோதனை முடிந்து சில வாரங்களில், மில்வோர்ம் என்ற பெயரில் இயங்கிய வெளிநாட்டு இளைஞர் கும்பல் மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கம்ப்யூட்டர்களில் புகுந்து மின்னஞ்சல்களை எடுத்தது, முகப்புப் பக்கத்தையும் மாற்றியது. நுழைந்த வழி மின்னஞ்சல் சர்வர் என்று அன்றைய செய்திகள் கூறின. அப்போது இந்தியாவில் இதற்கென்று சட்டமே கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது 2000 அக்டோபரில். இந்திய செர்ட் அமைப்பு 2004 ஜனவரியில் தில்லியில் தொடங்கியது.

இன்று சட்டம் கண்டிப்பானது. அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டரில் கெட்ட எண்ணத்தோடு நுழைந்தால் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது நுழைந்தவருக்கு. நுழைய விட்டவருக்கு? 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய செர்ட் பிறப்பித்த உத்தரவுப்படி, சர்வரில் யாராவது புகுந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். போக்குவரத்துப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தனிநபர் தகவல்களைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் வருடத்துச் சட்டம் வழி செய்கிறது.

ஆறு மணி நேரம் என்பது தெரிந்த பிறகு ஓடத் தொடங்கும் கடிகாரம். நமது கதையின் அலுவலகத்தில் புகுந்தது தெரியவே மாதக்கணக்கில் ஆனது. பெட்டியைக் கவனிக்க ஒருவர் இருந்தால்தானே கடிகாரம் ஓடும்?

ஏரிகளுக்கு நம்மூரில் ஒரு ஏற்பாடு இருந்தது. நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஒருவர். மழைக்காலத்தில் கரை மேல் நடந்து பார்ப்பதும், எலி வளை கண்டால் அடைப்பதும், மதகைத் திறந்து மூடுவதும் அவர் வேலை. அவர் இன்ஜினீயர் அல்ல. ஏரியைக் கட்டியவரும் அல்ல. தினம் போய்ப் பார்ப்பவர். அதற்கு அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கொடுப்பது நின்ற ஊர்களில் நீர்பாய்ச்சியும் போனார், கரையும் போயிற்று.

சர்வருக்கும் வேண்டியது அதுதான். சிறு அலுவலகம் செய்ய வேண்டிய காரியங்களை ஒரு தாளில் அடக்கிவிடலாம். அலுவலகத்தில் இணையத்தோடு சேர்ந்திருக்கும் பெட்டிகள் எத்தனை என்று முதலில் எண்ண வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓடும் புரோகிராம் எது, எந்தப் பதிப்பு என்று எழுத வேண்டும். தேவையில்லாத வாசலை மூட வேண்டும். தேவையான வாசலில் பெயர் சொல்லாதவரை அனுமதிக்கக் கூடாது. சர்வர் புரோகிராமுக்குக் கூடிய மட்டும் குறைந்த அதிகாரம் கொடுக்க வேண்டும். வெளியார் வந்துபோகும் பெட்டியில் பான் கார்டு நகல்களை வைக்கக் கூடாது. திருத்தம் வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இந்த வேலையை "எல்லாரும்" என்று விடாமல் ஒருவர் பெயரில் எழுத வேண்டும். எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை என்பது சால்ட் லேக்கில் மட்டுமல்ல, சேலத்திலும் உண்மை.

மூன்றாவது மாடி அலுவலகம் 2017ல் புத்தி கற்றுக்கொண்டது. பழைய பெட்டி போயிற்று, எஃப்.டி.பி.யும் போயிற்று. கணக்குப் பார்க்கும் பெண் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்குகிறார். புதுத் திருத்தம் வந்திருந்தால் போட ஆளை வரவழைக்கிறார். இதற்காக அவருக்குச் சம்பளத்தில் மாதம் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். நோட்டில் ஒரு சனிக்கிழமையும் விட்டுப்போகவில்லை.

அந்த நாற்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கும் 2016ல் நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் போட்டாயிற்றா என்று அவரிடமே கேட்டதுண்டு. அது தன் நோட்டில் இல்லை என்றார்.